ஸ்டிக்கரைப் பிய்த்தவர் எழுதிய அஞ்சலி

தேன்மொழி அக்கா போய்விட்டார். நேற்று, சென்னையில்.

செய்தியே அந்த ஆளின் பதிவைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது... அதுதான் இன்னும் ஆறவில்லை.

"திருவண்ணாமலைக்கு மைக்ரோபிராசசரைக் கொண்டுவந்தவன் என்ற முறையில், என்னிடம் பாடம் கற்ற தங்கமகளை இழந்து நிற்கிறேன்" என்று எழுதியிருக்கிறார் எங்கள் பழைய முதலாளி. கீழே வரிசையாகக் கும்பிடு எமோஜி. தூ.

எண்பதுகளின் நடுவில் அவர் நடத்தியது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். நான் அங்கே லோயர், ஹையர் சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் போர்டில் "கம்ப்யூட்டர்" என்று ஒரு வார்த்தை கூடுதலாக ஏறியது.

கம்ப்யூட்டர் என்றால் ஒரு 8085 கிட். ஒரு பலகை, நாலைந்து சிப்பு, கால்குலேட்டர் மாதிரி பட்டன்கள், சிவப்பாக எழுத்து எரியும் ஆறு கட்டங்கள். அவ்வளவுதான்.

அதை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் அக்கா. பாலிடெக்னிக் டிப்ளமோ, கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். முதலாளிக்கு ஸ்விட்ச் போடத் தெரியும். அதுவும் பாதி நாள்.

சிப்புகளின் கதையை அக்கா உறவுமுறை வைத்துத்தான் சொல்வார்.

"எழுபதுங்க ஆரம்பத்துல வந்தது நாலு பிட்டு. கால்குலேட்டருக்குன்னு பண்ணது பாவம். அப்புறம் எட்டு பிட்டு. அதுல 8080னு ஒண்ணு, மூணு விதமா வோல்ட் குடுத்தாத்தான் வேலை செய்யும், சரியான மாப்பிள்ளை முறுக்கு. நம்ம 8085 அதோட தம்பி. அஞ்சு வோல்ட் போதும், அதான் பேர்லயே அஞ்சு. கம்மி செலவு, ஜாஸ்தி வேலை... நம்மள மாதிரிடி."

அந்த வருஷ தீபத்துக்காக ஒரு புரோகிராம் எழுதினார். நோட்டில் பென்சிலால், வரி வரியாக. அந்த ஆறு கட்டத்தில் இங்கிலீஷ் எழுத்தில் "அரோகரா" ஓட வேண்டும்.

மெட்ராஸ் போய் அதை ஒரு சிப்பில் பதிந்து கொண்டுவந்தார். அந்தச் சிப்பின் தலையில் குட்டியாக ஒரு கண்ணாடி ஜன்னல், அதன்மேல் ஒரு கறுப்பு ஸ்டிக்கர்.

அந்தச் சமயம் பார்த்து அவர் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. லீவில் போகும்போது என்னிடம்தான் சொன்னார். "சரசு, இந்த ஸ்டிக்கரை மட்டும் யாரும் தொடாம பாத்துக்கோ. ஜன்னல் வழியா வெயில் போச்சுன்னா எழுதுனது எல்லாம் அழிஞ்சிடும்."

கொடியேற்றத்தன்று வாசலில் மேஜை போட்டுக் கிட்டை வைத்தார்கள். மாலை, சந்தனம், குங்குமம். முதலாளி நகத்தால் ஸ்டிக்கரைப் பிய்த்தார்.

"இதான் மூளை. சாமி நாள்ல கண்ணைக் கட்டி வெக்கலாமா?"

"அக்கா தொட வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க சார்."

"முதலாளி நானா, அவளா?"

நான் அடங்கிவிட்டேன். என் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டியிருந்தால்கூடப் போதும்... தோன்றவில்லை.

மூளையாம்! அது எழுதியதை ஞாபகம் வைக்கும் சிப்பு, பிராசசரே இல்லை. பக்கத்தில் நீளமாகக் கிடந்ததுதான் பிராசசர். எது எது என்றே தெரியாதவர் பாடம் சொல்லிக்கொடுத்தாராம்.

மழையே வராத தீபம் அது. ஒன்பது நாளும் சுள்ளென்று வெயில். வந்த சனமெல்லாம் "அரோகரா" ஓடுவதை நின்று பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

தீபத்தன்று காலை அக்கா வந்தார். கிட்டைப் பார்க்க ஒரு கல்லூரித் தாளாளரும் வந்து காத்திருந்தார். வந்த வேகத்தில் அக்கா ஸ்விட்சைப் போட்டார். ஒரு எழுத்தும் வரவில்லை.

எல்லார் முன்னாலும் முதலாளி கேட்டார். "இத்தினி நாள் ஓடுச்சு, நீ தொட்டதும் நின்னுடுச்சு. இன்னா, தூரமா இருக்கியா?"

தூரம் என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைகளுக்கு... மாதவிலக்கு.

தாளாளர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். படித்த மனுஷன்!

அக்கா சிப்பின் ஜன்னலைத் தொட்டுக் காட்டினார். "அதுக்குத் தீட்டெல்லாம் பாக்கத் தெரியாது சார். வெயிலுதான் தெரியும். இங்க இருந்த ஸ்டிக்கரை யாரு பிச்சது?"

அக்கா என்னைப் பார்த்தார்.

அன்றைக்குத் தூரமாக இருந்தது நான். சற்று முன்னால் அக்கா உள்ளே நுழையும்போதுதான் காதில் சொல்லி அவரிடம் துணி வாங்கியிருந்தேன். வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி எனக்கு வரும் என்று பயந்து தரையைப் பார்த்தேன். அக்கா என்னைக் கை காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

"வீட்டுக்குப் போ. இனிமே வராத" என்று அக்காவைத் துரத்தினார் முதலாளி.

அக்கா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார். தீட்டுக் கழிக்கிறேன் என்று அந்த ஆள் கிட்டின் மேல் கோமியம் தெளித்தார். கரண்ட் ஆனில் இருந்தது. பட்டென்று ஒரு சத்தம், அதோடு பிராசசரும் போச்சு. சனியன், அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

சில வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை பார்த்தேன். மெட்ராஸில் ஒரு கம்பெனியில் போர்டு டெஸ்ட் செய்கிறாராம். "இப்ப முப்பத்திரண்டு பிட்டு வந்துடுச்சுடி" என்று சிரித்தார்.

ஏன் அன்றைக்குப் பேசவில்லை என்று கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை. பஸ் ஏறும்போது கேட்டது இதுதான். "அந்த நாள்ல உனக்கு இன்னும் வயித்து வலி வருதா?"

இன்று காலை முதலாளியின் பதிவில் கமென்ட் போட்டேன். "ஸ்டிக்கரைப் பிய்த்தது நீங்கள் சார். தூரமாக இருந்தது நான். அக்கா இல்லை."

ஐந்து நிமிஷத்தில் அழித்துவிட்டார்.

இது என் பக்கம். இங்கே அழிக்க முடியாது.

போய் வாங்க அக்கா... வலி நின்று வெகுநாளாச்சு. ஸ்டிக்கர் விஷயத்தைத்தான் அன்றைக்கே சொல்லியிருக்கணும்.