பெரியப்பாவை நாற்காலியில் உட்கார வைத்த நாள்

மக்களே, பெரியப்பாவைக் கவனிக்கப் பஞ்சாயத்து வழியாக ஒரு பெண் வந்துகொண்டிருந்ததும், நடுவில் அவள் வராமல் போனதும் உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். எதனால் வராமல் போனாள் என்பதை நான் போனில் சரியாகச் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் நம் மாவு மில்லில் யாராவது மிளகாய் திரிக்க வந்து நிற்பார்கள். இல்லையென்றால் உங்க அம்மா பக்கத்தில் நின்று கண்ணைக் காட்டுவாள். அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது, முன்னுக்குப் பின் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா கொத்தனார் வேலையில் சாரத்தில் இருந்து விழுந்தபோது நீங்கள் சின்னப் பிள்ளைகள். நெய்யூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து உயிரைத் திருப்பித் தந்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி மட்டும் திரும்பி வரவில்லை. கல்யாணம் தள்ளிப்போய் அவருக்குப் பெண் பேசிக்கொண்டிருந்த சமயம். அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது. அன்று முதல் நம் வீட்டுப் பின்னறைதான் அவருக்கு.

கட்டிலில் கிடப்பவரைக் கவனிப்பது என்றால் என்ன என்று வெளியூரில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்கிச் சொன்னதில்லை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். மூத்திர டியூபைப் பார்க்க வேண்டும். வயிறு போனாலும் போகாவிட்டாலும் பாடுதான். ஒரு நாள் சோம்பினால் இடுப்பெலும்பு மேல் தோல் சிவக்கும், நாலு நாள் சோம்பினால் புண் குழி விழும். அவருக்கு அந்த இடத்தில் வலியே தெரியாது என்பதால் அவராகச் சொல்லவும் மாட்டார், நாம்தான் பார்க்க வேண்டும். இத்தனை வருஷமாக நானும் அம்மாவும் பார்த்தோம். அம்மாவுக்கு முட்டு தேய்ந்தது, எனக்கு நடு முதுகு போனது.

அந்தப் பெண் வரத் தொடங்கிய பிறகுதான் நாங்கள் நிமிர்ந்தோம். பயிற்சி எடுத்தவள். வாரத்துக்கு ரெண்டு நாள், காலையில் ஸ்கூட்டியில் வருவாள். குளிப்பாட்டி, புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டி, காலை மடக்கி நீட்டி விடுவாள்.

"அண்ணாச்சி, இந்தப் பக்கம் திரும்புவோமா?"

"திரும்பலாம். நீ சொன்னா மெட்ராசுக்கே திரும்பலாம்."

ஆறு மாதத்தில் பழைய புண் மூடியது. டாக்டரே எட்டிப் பார்த்து, "யாரு கட்டுறா இத?" என்று கேட்டார்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் பஞ்சாயத்துக் கிளார்க் போன் செய்தார். "நாளைக்கு மேலேருந்து ஒரு சார் சர்வேக்கு வாறாரு. உங்க அண்ணன் வீட்ல இருக்கணும், கேட்டியளா?"

"அவரு வேற எங்க போவப் போறாரு?" என்றேன்.

பெரியப்பாவிடம் சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது. "லே, ஒரு ஆபீசர் நம்ம வீட்டு வாசப்படி ஏறி வரும்போ நான் மல்லாந்து கிடந்து வரவேற்கவா? என்னத் தூக்கி முன்னறையில உக்கார வை."

எனக்கும் அது சரி என்றே பட்டது. வீட்டுக்கு மூத்தவர், வந்தவரை உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் நோயாளிக்கு முகம் துடைத்துப் பவுடர் போட்டுத்தானே காட்டுவார்கள். யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் நான் அவருக்குச் சவரம் செய்தேன். மீசையை ரெண்டு தடவை ஒதுக்கச் சொன்னார். அம்மா இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு வந்தாள்.

"அத்தானுக்கு இன்னிக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வாறாவளோ?"

"வந்தா சாயா குடுத்து அனுப்பிரு. எனக்கு இன்னிக்கு நேரமில்ல."

பக்கத்து வீட்டுக்காரரும் நானும் தூக்கி மர நாற்காலியில் வைத்தோம். அவருக்கு இடுப்பு நிற்காது, சரிந்துவிடுவார். அதனால் சட்டைக்கு உள்ளே தோர்த்துத் துண்டைச் சுற்றி நாற்காலி முதுகோடு சேர்த்துக் கட்டினேன். முடிச்சு பின்னால் இருந்தது. மூத்திரப் பையை நாற்காலிக்குப் பின்னே தொங்கவிட்டு மேலே ஒரு பெட்ஷீட்டைப் போட்டேன். எட்டி நின்று பார்த்தால் கோர்ட்டுக்குக் கிளம்பி நிற்கும் வக்கீல் மாதிரி இருந்தார்.

சார் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. ரெண்டு மணி நேரம் கழித்துத்தான் வந்தார். சின்ன வயசு, வெளி மாவட்டத்துக்காரர், நல்ல மனுஷர். வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்து, "இன்னும் எத்தனை வீடு இருக்கு?" என்று கிளார்க்கைக் கேட்டார். பிறகு பெரியப்பா பக்கம் திரும்பினார்.

"ஐயா, எப்படி இருக்கீங்க?"

"ஒரு கொழப்பமும் இல்ல சார். நல்லா இருக்கேன்."

"சாப்பாடு நீங்களே சாப்பிடுவீங்களா?"

"பின்னே? கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு."

"புண் ஏதும் இருக்கா?"

"இப்போ ஒண்ணுமில்ல சார்."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. உட்கார முடியுமா என்று அவர் கேட்கவே இல்லை, கண் முன்னால்தானே உட்கார்ந்திருக்கிறார். படிவத்தில் எழுதிக்கொண்டார். அம்மா வைத்த சாயாவைக் குடித்து, ஏத்தங்காய் சிப்ஸ் ரெண்டு எடுத்துக்கொண்டு, "வீட்ல இவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்களே, பெரிய விஷயம்" என்றார். அம்மாவுக்கு அன்று முழுக்க முகத்தில் சிரிப்பு. எனக்கும்தான்.

அவர் போனதும் முடிச்சை அவிழ்த்துக் கட்டிலில் போட்டுப் புரட்டினோம். அந்த நாற்காலியில் இருந்த நேரத்தில் பழைய புண் இருந்த இடம் செக்கச் சிவந்திருந்தது. அம்மா எண்ணெய் எடுக்கப் போனாள்.

அடுத்த வாரம் அந்தப் பெண் வந்தாள். சிவப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"கட்டி வச்சியளா? அய்யோ அண்ணாச்சி, எதுக்கு இப்பிடிச் செய்தியோ? எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்லா?"

"வந்தவங்க முன்னாடி..." என்று இழுத்தேன்.

"வந்தவரு விருந்துக்கா வந்தாரு?" என்று கேட்டவள் பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுத்த மாசத்திலேர்ந்து லிஸ்ட்ல உங்க வீடு இல்லேன்னு சொல்லிட்டாவ. நான் லிஸ்ட்ல உள்ள வீட்டுக்குத்தான் போக முடியும்" என்றாள்.

பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். கிளார்க் படிவத்தின் நகலை எடுத்துக் காட்டினார். எவ்வளவுக்கு முடியாதோ அவ்வளவுக்கு மார்க் அதிகம். நமக்குக் குறைவாக விழுந்திருந்தது. உட்கார முடியும் என்று எழுதிய இடத்திலேயே பாதி மார்க் போய்விட்டது. இந்த வேலைக்கு மேலே இருந்து வரும் பணம் குறைந்திருக்கிறது என்றும், இருக்கிறவள் ஒருத்திதான், அவள் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை மார்க்தான் முடிவு செய்கிறது என்றும் சொன்னார்.

வீட்டில் வந்து சொன்னேன். பெரியப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு, "பள்ளிக்கூடத்திலயும் பெயிலு, இங்கயும் பெயிலா?" என்றார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

அவள் வராத முதல் மாதத்தில் சிவப்பு வெடித்தது. ரெண்டாம் மாதத்தில் நாலணா அகலம், அப்புறம் அதைவிடப் பெரிது. நாங்களும் கட்டத்தான் கட்டினோம். அவள் கை வேறு, எங்கள் கை வேறு. மில்லைப் பாதி நாள் திறக்க முடியவில்லை. அப்போதுதான் நீங்கள் போனில் சொன்னீர்கள், எங்காவது ஒரு இல்லத்தில் சேர்த்துவிடலாமே அப்பா என்று. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவர் கேட்டுவிட்டார். அன்று சோறு வேண்டாம் என்றார். அதன் பிறகு புண்ணைப் பற்றி யார் கேட்டாலும் "பரவாயில்ல" என்று சொல்லத் தொடங்கினார். அந்தப் பெண் திரும்பி வராவிட்டால் அவர் இந்த வீட்டில் இருக்க முடியாது. அது எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.

மனு எழுதிக்கொண்டு நாகர்கோவில் கலெக்டர் ஆபீசுக்கு எத்தனை திங்கட்கிழமை போனேன் என்று நினைவில்லை. ஒரு ஜன்னலில் ஒன்றியத்துக்குப் போகச் சொன்னார்கள், ஒன்றியத்தில் பஞ்சாயத்துத் தீர்மானம் வேண்டும் என்றார்கள். யாரும் என்னை விரட்டவில்லை. எல்லோரும் மரியாதையாகத்தான் அடுத்த இடத்தைக் காட்டினார்கள்.

கிராம சபைக் கூட்டத்தில் வாழ்க்கையில் முதல்தடவையாக எழுந்து நின்றேன். தெருவிளக்கு, ஓடை, குளத்து மதகு எல்லாம் பேசி முடித்துப் பாதிப்பேர் எழுந்து போன பிறகுதான் என் முறை வந்தது. சொல்லி முடித்ததும் பின்னால் இருந்து ஒருவர், "ரோடு ஊருக்கு. இது ஒரு வீட்டுக்குல்லா" என்றார். முன்வரிசையில் இருந்த ஒரு அக்காதான் திரும்பி, "உனக்க வீட்ல ஒருத்தன் விழட்டு, அப்ப பேசு" என்றாள். தலைவர் ரெண்டு பேரையும் அமர்த்திவிட்டு, மறுபடி பார்க்க ஆள் அனுப்பச் சொல்லித் தீர்மானம் எழுதினார்.

மறு சர்வேக்கு முந்தின நாள் அந்தப் பெண்ணே போன் செய்து அம்மாவிடம் சொன்னாள். "அக்கா, நாளைக்குக் குளிப்பாட்டாதிய. சவரம் வேண்டாம். பெட்ஷீட் எப்படிக் கிடக்கோ அப்படியே கிடக்கட்டு. உள்ளத உள்ளபடி பாக்கட்டு."

அம்மா சரி சரி என்றாள். ஆனால் காலையில் நான் மில்லில் இருந்து வந்து பார்த்தால் புதுப் பெட்ஷீட். ஊதுபத்தி வேறு.

"சொன்னது உனக்கு ஏறலியா?" என்று கத்தினேன்.

"நாறிக் கிடக்கிய மனுஷன வெளியாளுக்குக் காட்டச் சொல்லுதியளா? என்னால ஆவாது" என்று அவளும் கத்தினாள். அவள் அழுதாள். பெரியப்பா ரெண்டையும் கேட்டுக்கொண்டு கிடந்தார். தன் கையாலேயே சவரம் செய்திருந்தார், தாடையில் ஒரு கீறல்.

இந்தத் தடவை வந்தது ஒரு அம்மா, ரிட்டயர் ஆகப்போகிற வயசு. கிளார்க்கும் பக்கத்து வீட்டுப் பெண்கள் ரெண்டு பேரும் வாசலில் நின்றார்கள். பெரியப்பா நெஞ்சு வரை போர்த்திக்கொண்டு கிடந்தார்.

"ஐயா, புண் இருக்கா?"

"கொஞ்சம் உண்டு. பெரிசா சொல்ல ஒண்ணுமில்ல."

அந்த அம்மா பேனாவைப் படிவத்துக்குக் கொண்டுபோனார். நான் அந்தப் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை அறியாமல் செய்தேன் என்று சொன்னால் அது பொய். தெரிந்துதான் செய்தேன். போர்வையை எடுத்து, அவரை ஒரு கையால் சரித்து, கட்டைப் பிரித்துக் காட்டினேன். வாசலில் நின்றவர்களும் பார்த்தார்கள். ஒருத்தி "ஏசுவே" என்று வாயைப் பொத்தினாள்.

பெரியப்பா முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டார். இடுப்புக்குக் கீழே அவருக்கு ஒன்றும் தெரியாது என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"போதும், போர்த்துங்க" என்றார் அந்த அம்மா. நீளமாக எழுதினார். போகும்போது என்னிடம் மட்டும், "வந்துருவா, கவலைப்படாதீங்க" என்றார்.

எல்லோரும் போன பிறகு பெரியப்பா கையை எடுத்தார். "லே, ஒரு நிமிசம் பொறுத்திருக்கலாம்லா. நானே சொல்லியிருப்பேன்."

சொல்லியிருப்பாரா? எனக்குத் தெரியவில்லை மக்களே. இப்போதும் மில்லில் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது அதையேதான் யோசிக்கிறேன். அந்த ஒரு நிமிஷத்தை நான் அவருக்குக் கொடுக்கவில்லை.

அந்தப் பெண் மறுபடி வருகிறாள். முன்னே ரெண்டு நாள், இப்போது ஒரு நாள்தான். அதற்குமேல் ஆள் இல்லை என்றார்கள். திரும்பி வந்த முதல் நாள் அவருடைய இடுப்பைப் பிடிக்கக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன்.

"அவன் வெளிய போவட்டு" என்றார் அவளிடம்.

"ஒருத்தியா எப்படிப் புரட்டுவேன் அண்ணாச்சி?"

"மெதுவாப் புரட்டு. எனக்கு அவசரமில்ல."

அவள் என்னைப் பார்த்தாள். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். உள்ளே அவள் மூச்சு வாங்குவது கேட்டது.

மற்ற ஆறு நாளும் வேறு வழி இல்லை, நான்தான் புரட்டுகிறேன். முன்பெல்லாம் "லே, நெல்லு மூட்டையாலே இது?" என்று ஏசுவார். இப்போது ஏசுவதில்லை. சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை அப்படியே கிடக்கிறார். புண் ஆறி வருகிறது.