டப்பா மூடியில் கருவாடு

தேர்வறைக் கண்காணிப்பில் இருந்தபோது அலுவலக உதவியாளர் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "வணிகவியல் ஃபிலோமினா மேடம் தவறிட்டாங்க." மாணவிகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் அடுத்த வரிசைக்கு நடந்தேன். அதிர்ச்சி வரவில்லை. மழைக்காலத்திலிருந்தே அவர் கால்களைப் பார்த்துவந்தவள் நான்.

கல்லூரி ஓய்வறையில் அவரோடு மதிய உணவு உண்ட சக ஆசிரியைகளான உங்களுக்கு நினைவிருக்கும். இதயம் பலவீனமாக இருக்கிறது, உப்பைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொன்ன மறுநாளே மேசையிலிருந்த உப்புக் குப்பியைக் குப்பைக்கூடையில் போட்டார்.

"எனக்கு மட்டுமில்லளா, உங்க எல்லாருக்கும் சேத்துத்தான். நெஞ்சு நல்லா இருக்கணும்லா?"

மோரில் உப்பிடும் பழக்கத்தை நான் விட்டது அவரால்தான்.

அவர் டப்பாவில் உப்பில்லாத சோறு இருக்கும். மூடியில் பொரித்த சீலாக் கருவாடு.

"அக்கா, அது முழுக்க உப்புதானே?" என்றேன் ஒருநாள்.

"கருவாட்டுக்கு யாராவது உப்பு போட்டுப் பொரிப்பாங்களா? கெமிஸ்ட்ரிக்காரிக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?"

எல்லோரும் சிரித்தோம். கடற்கரைக் குடும்பத்தில் பிறந்தவர். சமைக்கும்போது கை அள்ளிப் போடுவது மட்டுமே அவருக்கு உப்பு. மீனோடு வீட்டுக்குள் வரும் உப்பு அவருக்கு மீன்தான். ஊறவைத்துக் கழுவினாலும் கருவாட்டின் உப்பு முழுதாகப் போகாது என்று விளக்கினேன். "சரி, ஞாயித்துக்கிழமை மட்டும்" என்றார். செவ்வாய்க்கிழமை மூடியில் மறுபடி இருந்தது.

மழை தொடங்கியபோது செருப்பு வார் அவர் வீங்கிய பாதத்தில் பள்ளம் பதித்திருந்தது. பிறகு மோதிரம் கழன்று வர மறுத்தது. மாடிப்படியின் பாதியில் நின்று, துறைமுகத்துக் கப்பலைப் பார்ப்பதுபோல் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். உடன் ஏறிய நாங்களும் கப்பலைப் பார்ப்பதுபோல் நின்றோம்.

ஏழாம் நாள் திருப்பலி முடிந்து வீட்டுக்குப் போனேன். கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அவர் கணவர், உறவினர் கொண்டுவந்த சாப்பாட்டின் முன் உட்கார்ந்திருந்தார். "குழம்பு உப்புக் கரிக்குது மேடம். அவ சமையலுக்கே நாக்கு பழகிட்டு" என்று தட்டை ஒதுக்கினார். பிறகு மகளிடம், "ஏளா, அம்மா வாங்குன கருவாடு கிடக்குதா பாரு" என்றார்.

ஃபிலோமினா அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, ஒருவரைக் கண்டால் முகத்துக்கு முன் பாதத்தைப் பார்க்கும் பழக்கம். மேசைக்கு அடியில் அவர் கணவரின் பாதத்தைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்ட பிறகும் வாரின் பள்ளம் அப்படியே இருந்தது.

"நாளைக்கே டாக்டர்ட்ட போங்க, அண்ணாச்சி."

"எனக்கென்ன மேடம்? அவ நிறுத்துன நாள்லேர்ந்து நானும் உப்பே சேக்கலியே" என்றார்.

உள்ளே சட்டியில் கருவாடு பொரியும் சத்தம் கேட்டது.