எல்லோரும் விரல் தூக்கிய சனிக்கிழமை

அவுஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தின் வடமேற்கில் மாலி என்றொரு கோதுமைப் பிரதேசம் இருக்கிறது. அங்குள்ள விவசாயிகள் அத்தனை பேரும் ஒன்றுசேர்ந்து, முன்னால் எனக்குச் சாவு காத்திருக்கிறது என்று அறிவிப்பதாக ஒரு சனிக்கிழமைப் பகல் முழுக்க நம்பியிருந்தேன். சும்மா ஒரு சந்தேகம் என்று சொல்லி இப்போது மானத்தைக் காப்பாற்றலாம். அது பொய். முழுமனதோடு நம்பினேன். நாற்பத்திரண்டு வயது, கணிதப் பட்டதாரி, கழுத்தில் இறுக்கிக் கட்டிய ரை, நெற்றியில் பாதி அழித்த திருநீறு. இந்தக் கோலத்தில்தான் நம்பினேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காக அல்ஜிப்ரா படிப்பித்த நான், மெல்பேர்னுக்கு வந்து ஃபுட்ஸ்கிரேயில் ஒரு தொழிற்சாலையில், தகரப் பேணிகளில் மூடி நேராக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஊரில். நான் இருந்ததோ மூன்று பேர் படுக்கும் ஒற்றை அறை. ஒரு வீடு இருந்தால்தான் வருவேன் என்று மனைவி சொல்லியிருந்தாள். நியாயம்தான். பேணிகளுக்கு மூடி பார்ப்பவனுக்கு யார் வீடு கொடுப்பார்கள்?

அப்போதுதான் மாலியில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. கணித ஆசிரியர் வேலை. கூடவே மூன்று அறை வீடு. சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு வந்து ஊரைப் பாருங்கள், பிடித்தால் அங்கேயே சரி என்று சொல்லிவிடுங்கள் என்றார் தலைமை ஆசிரியர். அன்று பதில் கிடைக்காவிட்டால் அந்த இடத்தை மேலிடம் வேறு ஊருக்கு மாற்றிவிடுமாம். அதாவது, அன்று நான் போய்ச் சரி சொன்னால் பிள்ளைகள் வருவார்கள். சொல்லாவிட்டால் இன்னும் எத்தனை காலம் படத்தில் பார்ப்பதோ தெரியாது.

என்னுடைய அறைத் தோழர் கொழும்பில் வங்கி வேலை பார்த்தவர். தன் பழைய காரை இரவல் தந்தார். கார்த் திறப்பைக் கையில் வைக்கும்போது சும்மா வைக்கவில்லை.

"மச்சான், அங்க ஆக்களைவிட ஆடு கூடவாம். நீ ஆட்டுக்கோ அல்ஜிப்ரா படிப்பிக்கப் போறாய்?"

"ஆடெண்டா நல்லது. திருப்பிக் கேள்வி கேக்காது."

பென்டிகோ நகரம் தாண்டும்வரை நான் வீரன். பாட்டெல்லாம் பாடினேன். அதற்குப் பிறகு மரங்கள் குறைந்தன, வீடுகள் குறைந்தன, வளைவுகள் ஒரேயடியாக நின்றுபோயின. அளவுகோல் வைத்துக் கீறிய மாதிரி வீதி. இரு பக்கமும் குளிர்காலத்துப் பச்சைக் கோதுமை, அதற்கு மேல் அளவுக்கு மிஞ்சிய வானம். தூரத்தில் தானியம் சேமிக்கும் சீமெந்துக் கோபுரம் ஒன்று நின்றது. நான் எவ்வளவு ஓடினாலும் அது கிட்ட வரவில்லை. நான் பாட்டை நிறுத்திவிட்டால் அது வரக்கூடும் என்று தோன்றியது. நிறுத்தினேன். வந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது.

எதிரே ஒரு லொறி வந்தது. ஓட்டி வந்த கிழவர் சிரிக்கவில்லை, தலையசைக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கையிலிருந்து சுட்டுவிரலை மாத்திரம் மெல்ல உயர்த்தி, என்னைக் கடந்ததும் இறக்கினார்.

இந்த இடத்தில் என் பழைய கதை ஒன்றைச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்துக்கு முன் நான் வன்னியில் படிப்பித்த காலத்தில் மன்னார் வீதியால் அடிக்கடி கார் ஓட்டியிருக்கிறேன். அங்கே எதிரே வருகிற சாரதி கை காட்டினால் ஒரே ஒரு பொருள்தான்: முன்னால் யானை நிற்கிறது. நாங்கள் அந்த இடத்திலேயே காரை நிறுத்திவிட்டு, அது போகும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு இருப்போம். அவுஸ்திரேலியாவில் யானை இல்லை என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் இன்னும் பயந்தேன். யானை இல்லாத நாட்டில் முன்னால் நிற்பது என்ன?

அடுத்து வந்த காரிலும் ஒரு விரல். அதற்கடுத்த உழவு இயந்திரத்திலும் ஒரு விரல். முகத்தில் ஒரு அசைவும் இல்லை, மரணச் செய்தி சொல்ல வந்தவர்களைப் போல. ஒருவேளை காரில்தான் ஏதோ பிழையோ என்று ஒரு தோட்டத்து வாசலில் நிறுத்தி இறங்கினேன். காரின் நாலு ரயரையும் உதைத்துப் பார்த்தேன். மண்டியிட்டு அடியில் பார்த்தேன். ஒன்றுமில்லை. நான் அடியில் கிடக்கும்போதே இன்னொரு வாகனம் போனது. அந்த மனிதரும் என்னைப் பார்த்து விரலைத் தூக்கினார். அடுத்த வாசலிலும் நிறுத்தினேன். அதற்கடுத்த வாசலிலும். ரை எண்ணெயில் தோய்ந்தது.

மூன்றாவது வாசலில்தான் நரிகளைக் கண்டேன். கம்பி வேலியில், பின்னங்கால்களில் கட்டித் தலைகீழாக, வரிசையாக. ஈரம் காய்ந்த செம்மயிர் காற்றில் ஆடியது. ஆட்டுக்குட்டிகளைத் தின்கிற நரியைச் சுட்டால் வேலியில் கட்டித் தொங்கவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். இது நான் பிறகு தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், யாரோ யாருக்கோ நேர்த்திவைத்துப் பலி கொடுக்கிறார்கள் என்பதுதான். முருகா என்றேன். அந்தப் பெயரை அந்தக் காற்று அதற்கு முன் கேட்டிருக்காது.

ஊருக்குள் போனபோது மூன்று மணிகூட ஆகவில்லை. தேர் இழுக்கக்கூடிய அகலத்தில் ஒரு தெரு. இரு பக்கமும் கடைகள், எல்லாம் பூட்டு. ஆள் இல்லை, நாய் இல்லை, நிறுத்திவைத்த கார் ஒன்றுகூட இல்லை. ஒரு வீட்டு வாசலில் தேநீர்க் கோப்பை ஒன்று பாதி குடித்த நிலையில் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஏன் தொட்டேன் என்று கேட்காதீர்கள். வெதுவெதுப்பாக இருந்தது.

தபால் கந்தோருக்கு முன்னால் தொலைபேசிக் கூண்டு நின்றது. அதற்குள் புகுந்து, கதவை இறுக்கிச் சாத்திக்கொண்டு தோழரை அழைத்தேன். நடந்ததையெல்லாம் மெதுவான குரலில் சொன்னேன்.

"அங்க ஆக்கள் இருக்கினமோ?" என்றார்.

"இருந்தவை."

"இப்ப எங்க?"

"அதுதான் தெரியேல்லை."

பிறகு, "கார் பத்திரமே?" என்றார். பத்திரம் என்றேன். அவர் குரல் மாறியது. "திரும்பி வாறதெண்டா வா மச்சான், ஒருத்தரும் சிரிக்கமாட்டம். ஆனா தங்கச்சிக்கு நீதான் சொல்லவேணும். எனக்கு ஏலாது."

என் மனைவியை அவர் தங்கச்சி என்றுதான் சொல்வார். நேரில் கண்டதில்லை. நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து, கோதுமைக் கோபுரத்துக்கு அப்பாலிருந்து கார் ஹோர்ன்கள் அலறின. ஒன்று இரண்டல்ல, நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில். நடுவே மனிதக் கூச்சல். பிறகு கத்தியால் அறுத்ததுபோல் எல்லாம் நின்றது. தெருவில் ஒரு இலைகூட அசையவில்லை.

தொலைபேசியை வைத்தேனா, தொங்கவிட்டேனா என்பது இன்றுவரை நினைவில் இல்லை. காரைத் திருப்பி, வந்த வழியே மிதித்தேன். மனைவிக்கு என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினேன். காலநிலை சரியில்லை. தண்ணீர் உப்பு. எந்தப் பொய்யைச் சொன்னாலும் அந்த மூன்று அறைகளும் கண்ணுக்கு முன்னால் வந்துகொண்டிருந்தன. கால் மாத்திரம் மிதியை விடவில்லை.

பின்கண்ணாடியில் புழுதி தெரிந்தது. பின்பக்கம் திறந்த சிறு லொறி ஒன்று, விளக்கை அணைத்து அணைத்து எரித்தபடி என்னைத் துரத்திவந்தது. நான் வேகம் கூட்டினால் அதுவும் கூட்டியது. முன்னால் வீதியை அடைத்துக்கொண்டு செம்மறியாட்டு மந்தை ஒன்று குறுக்கே போனது. தோழர் சொன்னது சரிதான், ஆக்களைவிட ஆடு கூட. நிறுத்தினேன். கதவைப் பூட்டினேன். கண்ணாடியை ஏற்றினேன். தேவாரம் ஒன்றின் முதலடி வந்தது, இரண்டாமடி வரவில்லை.

இறங்கி வந்தவர் ஒரு மலை. குளிருக்குள்ளும் அரைக் காற்சட்டை, முழங்காலில் சேறு, கழுத்தில் இரண்டு நிறச் சால்வை. குனிந்து கண்ணாடியில் தட்டினார். நான் இரண்டு விரற்கடை இறக்கினேன். நீங்கள்தானே புதுக் கணித ஆசிரியர் என்று கேட்டார். ஆம் என்பதா இல்லை என்பதா என்று யோசிக்குமுன் தலை தானாக ஆடியது.

அவர் சொன்னதை நான் தொகுத்துத் தருகிறேன். ஊர் முழுக்க மைதானத்தில், பக்கத்து ஊரோடு உதைபந்தாட்டம். கார்களை மைதானத்தைச் சுற்றி நிறுத்தி உள்ளிருந்தே பார்ப்பார்கள், கோல் விழுந்தால் எல்லோரும் ஹோர்ன் அடிப்பார்கள். காலையிலிருந்து மைதானத்துக்கு வந்தவர்களெல்லாம் ஒரே கதையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்: ரை கட்டிய ஒரு கறுத்த மனிதர், வாசலுக்கு வாசல் நின்று காருக்கு அடியில் படுக்கிறார். சிலர் ஆடு திருட வந்தவர் என்று பயந்தார்களாம். ஒரு கிழவி வீட்டுக்குப் போய்க் கோழிக்கூட்டைப் பூட்டி, ஊற்றிய தேநீரையும் பாதியில் விட்டுவிட்டு வந்தாளாம். அந்த விரல் அங்கே வீதியில் சொல்லும் வணக்கம். எல்லோரும் எனக்கு அதைச் சொன்னார்கள். நான் ஒருவருக்கும் திருப்பிச் சொல்லவில்லை.

பெரிய கையைக் கார்க் கூரையில் வைத்துக்கொண்டு, கூச்சத்தோடு கேட்டார்:

"எங்கள் மேல் ஏதாவது கோபமா?"

தன் மகளின் வகுப்புக்குப் போன வருடத்திலிருந்து கணிதம் சொல்லித்தர ஆளில்லை என்றார். முன்பு ஒருவர் வந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனவர். என் கார் மெல்பேர்ன் பக்கம் திரும்பி ஓடுகிறது என்று யாரோ மைதானத்துக்கு ஓடிவந்து சொல்ல, ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். ஊரில் எது பிடிக்கவில்லை என்று சொன்னால், மாற்றக்கூடியதென்றால் மாற்றலாம் என்றார்.

நான் பயந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வழி தவறிவிட்டது என்றேன். வளைவே இல்லாத அந்த வீதியில். அவர் சிரிக்காமல் தலையாட்டி, என் பின்னால் வாருங்கள் என்றார்.

தலைமை ஆசிரியரைச் சந்தித்தேன். வீட்டைத் திறந்து காட்டினார். மூன்று அறை, குசினியில் ஜன்னல், பின்னால் ஒரு தண்ணீர்த் தாங்கி. சரி என்று சொன்னேன். வசந்தம் தொடங்கும்போது மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். அந்த ஊரில் ஆறு வருடம் இருந்தோம்.