இரண்டாவது கொப்பி

என் தம்பி ஒரு பாடவேளைக்குள் பதினொரு தடவை எழும்புவான். மழை நாளென்றால் பதினான்கு. இதை நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் நடுவில் சுவர் இல்லை. காலூன்றி நின்ற ஒரு கரும்பலகைதான் சுவர். எட்டாம் வகுப்பில் என் இடத்திலிருந்து பார்த்தால் பலகைக்குக் கீழே தம்பியின் கால்கள் இரண்டும் தெரியும். உட்காரும் வாங்கின் கீழே ஆடிக்கொண்டிருக்கும் கால்கள் நிலத்தில் ஊன்றினால் எழும்பிவிட்டான் என்று அர்த்தம். ஒரு தவணை முழுவதும் எண்ணி, நாளும் பாடமும் போட்டு, ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். ஏன் எழுதினேன் என்று கேட்டால் தெரியாது. எண்ணாவிட்டால் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. இன்றைக்கும் படி ஏறினால் எண்ணுகிறேன், குளிசை விழுங்கினால் எண்ணுகிறேன். வீட்டில் எல்லோருக்கும் அலுத்துவிட்டது.

தம்பியின் குணத்துக்கு இப்போது ஏ.டி.எச்.டி. என்று நாலெழுத்தில் பெயர் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் அதற்கு ஐந்து பெயர்கள் இருந்தன. நாலு பெயர்கள் மிருகங்களுடையவை. ஐந்தாவது, அப்பாவின் மாமா ஒருவருடைய பெயர், அவரும் அப்படித்தானாம்.

அவன் என்னைவிட ஒரு வயது இளையவன், ஆனால் நாலு விரற்கடை உயரம் கூட. பள்ளிக்கூடம் போகும்போது என் பையையும் அவனே வாங்கிச் சுமப்பான். அன்பு என்று சொல்லலாம். ஆனால் ஒரு பையோடு அவனால் நடக்க முடியாது, ஓடிவிடுவான். இரண்டு பை இருந்தால்தான் என்னோடு சேர்ந்து நடப்பான். இதை அவனே கண்டுபிடித்திருந்தான்.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். அப்பா வட்டை விதானை. வட்டையிலுள்ள வயல்களுக்கெல்லாம் முறைவைத்துத் தண்ணீர் விடுவது அவருடைய பொறுப்பு. யாருடைய வாய்க்காலில் எப்போது தண்ணீர் நிற்கவேண்டும், எப்போது ஓடவேண்டும் என்று ஊருக்கே சொல்லுகிற மனிதருக்குச் சொந்தப் பிள்ளையை ஒரு இடத்தில் நிறுத்த முடியவில்லை என்பது ஊரில் பெரிய பகிடி.

பகிடி ஒரு செவ்வாய்க்கிழமையோடு முடிந்தது. பள்ளிக்கூடத்தில் நேரம்கெட்ட நேரத்தில் மணி அடித்தால் எல்லோரும் பதுங்குகுழிக்கு ஓடவேண்டும் என்பது விதி. அன்று மூன்றாம் பாடவேளையில் தம்பி தண்ணீர் குடிக்கப் போனான். மணிக்கயிறு காற்றில் ஆடியது. பிடித்து இழுத்துவிட்டான். இருநூற்றுப் பதினான்கு பிள்ளைகள் ஓடினோம். சங்கீத ரீச்சர் குழிக்குள் விழுந்து கணுக்கால் சுளுக்கிக்கொண்டார். தம்பியும் எங்களோடு ஓடிவந்து குழிக்குள் குந்திக்கொண்டு, "என்ன அண்ணா நடந்த?" என்று என்னிடமே கேட்டான்.

அதிபர் அப்பாவை அழைத்தார்.

"விதானையார், அடிச்சும் பாத்தன், முன் வாங்கில இருத்தியும் பாத்தன். இனி என்னால ஏலாது. பெரியாஸ்பத்திரியில மாசத்துக்கு ஒருக்கா கொழும்பு டொக்டர் ஒராள் வாறாராம். அவரிட்டக் காட்டி ஒரு கடிதம் கொண்டு வாங்க. இல்லாட்டி புள்ளய வீட்டில வச்சிருங்க."

வீட்டில் வைத்திருப்பது என்றால் என்ன என்று சொல்லவேண்டும். அந்த மாதங்களில் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். யார் பிடித்தார்கள் என்று எழுத இப்போதும் விரல் தயங்குகிறது. பிடித்தார்கள், கையில் துவக்கைக் கொடுத்துச் சண்டைக்கு அனுப்பினார்கள், அவ்வளவு போதும். பள்ளிக்கூடத்துக்குள் இன்னும் நுழையவில்லை. தெருவில் நின்றவன், சந்தைக்குப் போனவன், வயலுக்குச் சோறு கொண்டுபோனவன், இவர்களைத்தான் ஏற்றினார்கள். எங்கள் வகுப்பில் தவணை தொடங்கும்போது முப்பத்தெட்டுப் பேர். இப்போது முப்பத்திரண்டு. வீட்டில் கட்டிப்போட முடியாத ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லையென்றால் அவன் நாள் முழுக்கத் தெருவில்தான் நிற்பான்.

அன்று பின்னேரம் குசினியில் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருக்க அப்பா வாசற்படியில் நின்று பேசினார். நான் தேங்காய் துருவிக்கொண்டு கேட்டேன்.

"கடிதத்தோட நிக்காதுகா. மூளைக்குக் குளிசை குடுப்பானுகள்," என்றார் அப்பா.

"குடுக்கட்டும்."

"புள்ள மந்தமாப் போயிடுவான். அவனிட்ட இருக்கிறதே அந்த ஓட்டம் ஒண்டுதான். நாளைக்கு ஆரும் பிடிக்க வந்தா ஓட வேணாமா? குளிசையக் குடிச்சுப்போட்டு கண்ணைக் கண்ணை உருட்டிட்டு நிப்பான்."

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "இஞ்சேருங்க, ஓடச் சொன்னா ஓடுறவன் எண்டா நானும் பயப்பட மாட்டன். ஓடக்கூடாத இடத்திலயும் ஓடுறானே. ஆமிச் சென்ரியில நில்லு எண்டு சொல்லக்குள்ள ஓடினா என்ன நடக்கும்? சொல்லுங்க."

வெளியே தம்பி மாமரத்திலிருந்து கோழிக்கூட்டுக் கூரைக்குக் குதிக்கிற சத்தம் கேட்டது.

அடுத்த கிழமை, காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் புடவை கொண்டு வரும் நானா வந்தார். ஆறு புடவைகளை விரித்துவிட்டுக் கதையோடு கதையாகச் சொன்னார்:

"தங்கச்சி, ஒரு புள்ளய வேனுக்குள்ள ஏத்திட்டானுகள். தாய்க்காரி கிளினிக் கொப்பியத் தூக்கிட்டு ஓடிப் போயிருக்கா. கொப்பியப் பாத்தானாம், 'இது தலைச் சுகமில்லாத கேஸ், எங்களுக்கு வேணாம்' எண்டு இறக்கி உட்டுட்டானாம். அல்லா காப்பாத்தினான்."

அம்மாவின் கை ஒரு நீலப் புடவையின் மேல் நின்றது. "கொப்பிய மட்டும் காட்டினா உடுறானுகளா, நானா?"

"முத்திரை குத்தியிருக்கோணும் புள்ளே. டொக்டர்ர கையெழுத்தும்."

அம்மா அன்றைக்கு ஒன்றும் வாங்கவில்லை. நானா ஆறையும் மடித்துக் கட்டவேண்டியிருந்தது.

கிளினிக் நாளில் நாலுபேரும் போனோம். என்னை ஏன் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்: தம்பி எழும்பிய கணக்கு முழுவதும் என்னிடம் இருந்தது, நான்தான் சாட்சி. தாளை நாலாக மடித்துச் சேட்டுப் பையில் வைத்திருந்தேன்.

வாவியைப் பாதையில் கடந்தோம். இரும்பு மிதவையின் மேல் பலகை அடித்து, ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் அதைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். அன்று நாற்பத்திமூன்று பேர். தம்பி ஓரம் முழுவதையும் சுற்றி வந்தான். ஏழு சுற்று. அப்பா அவனுடைய சேட்டின் பின்பக்கத்தைப் பிடித்தபடி கூடவே சுற்றினார். அக்கரையில் சென்ரி, ஆட்களைச் சோதித்து விடுகிற இடம். வரிசையில் நிற்கும்போது அம்மா தம்பியின் தலையில் உள்ளங்கையை வைத்து, நாற்று நடுவதுபோல் அழுத்திக்கொண்டே நின்றார். அவன் அசையவில்லை.

ஆஸ்பத்திரி வாசல் கடையில் அம்மா கொப்பி வாங்கினார். கிளினிக்குக்குப் போகிறவர்கள் கொப்பியைத் தாங்களே கொண்டுபோக வேண்டும்; டொக்டர் அதில்தான் எழுதுவார். அம்மா இரண்டு வாங்கினார்.

"ஒண்டுதானேம்மா வேணும்," என்றேன்.

"வாய மூடிட்டு வா மனே," என்றார்.

மற்றது எனக்கு, எண்ணி எழுதுவதற்கு என்று நினைத்துக்கொண்டேன். மனதுக்குள் கோடும் போட்டுவிட்டேன்.

டொக்டர் இளம் ஆள், தடித்த கண்ணாடி. அறைக்குள் போன நாலு நிமிடத்தில் தம்பி நிறை பார்க்கும் தராசில் ஏறி இறங்கி, மின்விசிறியை மூன்று வேகத்திலும் வைத்துப் பார்த்து, டொக்டரின் குழாயைக் காதில் மாட்டி மேசையின் நெஞ்சைச் சோதித்தான். டொக்டர் தடுக்கவில்லை. என் தாளை வாங்கி, மேலிருந்து கீழே ஒருவரி விடாமல் படித்தார்.

"இதை யார் எழுதினது?"

"நான், சேர்."

"இதைவிட நல்ல அறிக்கை எனக்குக் கொழும்பிலயும் கிடைக்கேல்ல," என்றார். நான் உயர்ந்துபோனேன்.

பிறகு அப்பா அம்மாவிடம், இது குழப்படி இல்லை, வளர்ப்புப் பிழையும் இல்லை, மூளைக்கு பிறேக் கொஞ்சம் பிந்திப் பிடிக்கிறது, அவ்வளவுதான் என்றார். அதிபருக்குக் கடிதம் தருவதாகச் சொன்னார். ரீச்சருக்குப் பக்கத்தில் இருத்தவேண்டும், வேலையைச் சிறிது சிறிதாகக் கொடுக்கவேண்டும், எழும்பி நடக்கிற பொறுப்பு ஒன்று கொடுக்கவேண்டும், அடிக்கக்கூடாது. குளிசையும் இருக்கிறது, அடுத்த மாதம் கொழும்பிலிருந்து கொண்டு வரலாம், காலையில் அரைவாசி போதும்.

அப்பா தொண்டையைச் செருமினார். "டொக்டர், பள்ளிக்கூட நாளில மட்டும் குடுத்தா என்ன? பள்ளிக்கூடத்தில அவன் இருக்கோணும். மத்த நாளில அவன் ஓடத் தெரிஞ்சவனா இருக்கோணும்."

டொக்டர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். "அப்பிடியும் குடுக்கலாம்," என்றார்.

தம்பியின் கொப்பியில் எழுதி, கையெழுத்து வைத்து, முத்திரை குத்திக் கொடுத்தார். நாங்கள் எழும்பவேண்டிய நேரம். அப்போது அம்மா மற்றக் கொப்பியை மேசையில் வைத்தார்.

"டொக்டர், இவனையும் ஒருக்காப் பாருங்க. மூத்தவன். இவனுக்கும் சுகமில்ல."

நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன்.

"எந்த நேரமும் எண்ணுறான் டொக்டர். கூரையில ஓடு எண்ணுறான், தென்னையில தேங்காயை எண்ணுறான், சோத்தில கல்லை எண்ணுறான். இந்தத் தாளையே பாருங்க. ஒரு தவணை முழுக்கத் தம்பிர காலை எண்ணியிருக்கான். சுகமான புள்ள செய்யிற வேலையா இது?"

சற்றுமுன் டொக்டர் புகழ்ந்த தாள். அதையே என் நோய்க்குச் சாட்சியாக விரித்து வைத்தார் அம்மா. வகுப்பில் முதலாம் பிள்ளை நான். வெட்கத்தில் காது சுட்டது. அப்பா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

டொக்டர் அம்மாவை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் வயது கேட்டார். பதின்மூன்று, நாலு மாதத்தில் பதினான்கு என்றேன். அவர் கொப்பியைத் திறந்து என் பெயரையும் வயதையும் எழுதினார். பேனையை மூடவில்லை.

"எண்ணாம இருந்தா பயமா இருக்குமா, தம்பி?"

"இல்ல, சேர்."

"இரவில நித்திரை குழம்புறதா?"

"இல்ல சேர். ஒம்பது மணிக்குப் படுத்தா அஞ்சு மணிக்குத்தான் எழும்புவன்."

"எண்ணு, எண்ணு எண்டு காதுக்குள்ள ஆரும் சொல்லுற மாதிரி இருக்கிறதா? யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்லை."

மேசைக்குக் கீழே அம்மாவின் பெருவிரல் என் காலை அழுத்தியது. தவறிப் பட்டுவிட்டது என்று நினைத்துக் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"ஆரும் சொல்லுறதில்ல. நானாத்தான் எண்ணுறன்."

ஏழு கேள்வி கேட்டார். ஏழுக்கும் இல்லை என்றேன். கடைசியில் நூற்றிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். நான் நிமிர்ந்து இருந்துகொண்டு, தொண்ணூற்றுமூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று ஒரு மூச்சில் இறங்கி இரண்டில் வந்து நின்றேன். "இதுக்குக் கீழ மறை எண் வரும். சொல்லட்டா சேர்?"

"வேண்டாம்," என்றார் டொக்டர். பேனையை மூடினார். "அம்மா, நான் என்னத்தை எழுத? இவருக்கு ஒண்டும் இல்லை."

"வடிவாப் பாருங்க டொக்டர்," என்றார் அம்மா. "இன்னொருக்காப் பாருங்க."

டொக்டர் கொப்பியை மெல்ல அம்மாவின் பக்கம் தள்ளினார்.

திரும்பும்போது பாதையில் அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். எனக்குப் பைத்தியம் என்று சொன்னவரோடு என்ன பேச்சு என்று இருந்தேன். தம்பி மட்டும், "அண்ணா, எனக்குக் கடிதம் கிடைச்சிருக்கு, உனக்கில்ல," என்று இருபது தடவை சொன்னான்.

கடிதம் வேலைசெய்தது. அதிபர் அதை இரண்டுதரம் வாசித்துவிட்டு, எழும்பி நடக்கிற பொறுப்பாக அவனுக்கு மணி அடிக்கிற வேலையையே கொடுத்தார். அவன் ஒரு நிமிடம் பிந்தியதில்லை. அடுத்த மாதம் குளிசையும் வந்தது. பள்ளிக்கூட நாளில் காலையில் அரை. எழும்புவது ஆறாகக் குறைந்தது. கொப்பியை அம்மா பொலித்தீன் பையில் சுற்றி வாசற்கதவுக்குப் பின்னால், ஓடிவந்தால் உடனே கையில் எடுக்கக்கூடிய உயரத்தில், ஆணியில் தொங்கவிட்டார். ஒருமுறை எடுக்கவேண்டியும் வந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் அப்போது அங்கே இல்லை. இன்றைக்குத் தம்பிக்கு மூன்று பிள்ளைகள். சோற்றுக்கு இருந்தால் நாலு தடவை எழும்புவான். எழும்பும்போதெல்லாம் யாருக்காவது ஏதாவது எடுத்துவந்து கொடுப்பான்.

எங்கள் வகுப்பு முப்பதாகக் குறைந்த கிழமை அப்பா என்னைக் கொழும்பில் சித்தப்பா வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவதென்று முடிவாயிற்று. குழப்படிக்காரன் வீட்டில் இருக்க, ஒரு குழப்பமும் செய்யாத என்னை அனுப்புகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. துறையில் பாதைக்குக் காத்து நின்றபோது அம்மா என் சேட்டின் பொத்தான்களைப் போட்டுவிட்டார். ஐந்தும் ஏற்கெனவே போட்டிருந்தவை; கழற்றிக் கழற்றித் திரும்பப் போட்டார்.

"நான் என்ன பிழையம்மா செஞ்சன்?" என்று கேட்டேன்.

"ஒரு பிழையும் செய்யல்ல மனே," என்றார். "உனக்கு ஒண்டும் இல்ல எண்டு டொக்டர் சொல்லிட்டாரே."

சொல்லிவிட்டு அழுதார். நல்ல செய்தியைத்தானே சொல்கிறார், இதற்கு ஏன் அழவேண்டும் என்று இருந்தது எனக்கு. கொழும்பு போய்ச் சேரும்வரை பஸ்ஸைப் பதினாறு இடத்தில் மறித்தார்கள். பதினாறு இடத்திலும் இறங்கி நின்று அதையே யோசித்தேன். எனக்குப் பிடிபடவில்லை.