ஈரக் காலுறையால் செத்தவர்கள்

எங்கள் தெருவில் காசநோயால் ஒருவர்கூடச் செத்ததில்லை. டப்ளினில் வேறு எந்தத் தெருவுக்கு இந்தப் பெருமை உண்டு, சொல்லுங்கள்? எல்லாம் டிலியா மக்ரேனின் கைங்கரியம்.

பிணத்தைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவத்தி ஏற்றிவைப்பவள் டிலியா. கையோடு சாவுக்குக் காரணத்தையும் அவளே அறிவித்துவிடுவாள். ரத்தம் ரத்தமாய்த் துப்பி எலும்புக்கூடாய்க் கிடந்த கில்ஃபாயில் என்ற கொல்லன் செத்தது ஈரக் காலுறையால். அவன் தம்பி செத்தது ஆறிப்போன முட்டைக்கோஸால். மூன்றாம் மாடி லூசி காதல் தோல்வியில் போனாளாம். காதலன் யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. துக்க வீட்டில் நாங்களும் தேநீரை உறிஞ்சியபடி, "பாழாப்போன காலுறை!" என்று உச்சுக்கொட்டினோம்.

பின்னே? அந்த நோயின் பெயர் வெளியே வந்தால் நகராட்சி ஆட்கள் கந்தகப் புகையோடு வந்து மெத்தையை முற்றத்தில் கொளுத்துவார்கள். வீட்டுப் பெண்ணுக்கு வேலை போகும், மாப்பிள்ளையும் ஓடிப்போவான்.

கடைசியில் டிலியாவின் ஒரே மகள் வின்னி இரும ஆரம்பித்தாள். பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண். டிராம் ஓட்டுகிறவனோடு நிச்சயமாகியிருந்தது. காற்றுப் பட்டால் சளி கூடுமென்று டிலியா ஜன்னல் இடுக்கிலெல்லாம் கந்தலைத் திணித்தாள்.

நான் தேயிலை கடன் கேட்கப் போயிருந்தபோது நர்ஸ் வந்தாள்.

"மலைப்பக்கம் காசநோய் விடுதியில ஒரே ஒரு படுக்கை காலியா இருக்கு. இன்னைக்கே சொல்லணும். நோய் இன்னதுன்னு நீங்க ஒத்துக்கணும்மா."

"யாருக்கு? எங்க வீட்லயா அந்தச் சனியன்? கன்னத்தைப் பாருங்க, எப்படிச் செவந்திருக்கு! வெறும் சளி."

"சளிக்குப் படுக்கை கிடையாதும்மா." நர்ஸ் படியிறங்கிவிட்டாள்.

வின்னி கைக்குட்டையை விரித்துக் காட்டினாள். சிவப்பு. "எனக்கு என்னன்னு சொல்லப்போற, அம்மா? காலுறையைக் கொல்லனுக்குக் குடுத்துட்ட. முட்டைக்கோஸும் தீந்துபோச்சு. மிச்சம் ஏதாச்சும் வச்சிருக்கியா?"

டிலியா திடீரென்று கந்தலைப் பிடுங்கியெறிந்து, ஜன்னலைத் தூக்கி, தெருவே அதிரக் கத்தினாள்.

"நர்ஸம்மா, நில்லுங்க! என் மகளுக்குக் காசநோய்! எல்லாரும் கேட்டுக்குங்க, காசநோய்!"

எதிர்வீட்டு ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன. முதலில் சாத்தியவள் ஹானரா. மாப்பிள்ளையும் அன்றோடு சரி.

படுக்கை கிடைத்தது. வின்னியை வண்டியேற்றியபோது தெருவில் ஒரு ஈ காக்காய் இல்லை. மறுநாள் காலையில் அதே ஹானரா வந்து டிலியாவின் கதவைச் சுரண்டினாள்.

"டிலியா, அந்த நர்ஸம்மா மறுபடி எப்ப வருவாங்க? சும்மாதான் கேக்குறேன். எங்க பையன் டென்னிஸுக்கு... லேசா சளி."

"சளிக்கு அவங்க வரமாட்டாங்க. பேரைச் சொல்லு."

ஹானரா படிக்கட்டின் மேலும் கீழும் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"காதுல விழல," என்றாள் டிலியா. "உன் மகனை நான் குளிப்பாட்டணுமா, வேணாமா?"

ஹானரா சொன்னாள். அழுகையோடு, வாய்விட்டு, மாடிவரைக்கும் கேட்கச் சொன்னாள்.