புகைபோக்கியில் ஏறும் நண்டு

காத்திவாக்கம் கடற்கரையில், அலை தடுக்கப் போட்ட பாறை ஒன்றில் யாரோ ஓவியர்கள் ஒரு க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறார்கள். அதை ஸ்கேன் செய்து ஃபோனை அனல்மின் நிலையத்தின் பக்கம் தூக்கிப் பிடித்தால், திரையில் ஒரு பிரம்மாண்டமான நீல நண்டு புகைபோக்கியைக் கட்டிக்கொண்டு ஏறுகிறது. வெறும் கண்ணுக்குப் புகைபோக்கி மட்டும்தான். இதற்காகவே இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறேன்.

"நைனா, கொஞ்சம் இப்டிக்கா வந்து நில்லு" என்கிறார், பக்கத்தில் வலை விரித்து நெத்திலி காயவைத்திருக்கும் அக்கா. வெயிலை மறைக்கிறேனோ என்று நகர்கிறேன்.

"இன்னும் கொஞ்சம். ஆங், நடுவுல."

"அந்த நண்ட நீங்க பாத்தீங்களாக்கா?"

"நண்டு இன்னா நான் பாக்காததா? ஆனா நல்ல வேல பண்ணிகீறாங்கோ. உன்ன மாரி யாராச்சும் கைய தூக்கினு நின்னா காக்கா கிட்டயே வர்றதில்ல. நேத்து ஒருத்தரும் வர்ல, பாதி மீன தூக்கினு பூட்ச்சி."

மின்கம்பியில் காக்கைகள் வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்க்கின்றன.

"தோ, ஒரு டீ குட்ச்சிட்டு வந்துர்றேன். கைய மட்டும் எறக்கிடாத."

அவர் டீக்கடையை எட்டுவதற்குள் என் திரை கறுத்துவிடுகிறது. சார்ஜ் இல்லை. கையை இறக்குகிறேன். ஒரு காக்கை மணலில் வந்து உட்காருகிறது. உடனே ஃபோனைத் தூக்குகிறேன்.

கல்லூரிப் பெண்கள் இருவர் வருகிறார்கள். "அங்கிள், நண்டு எதுவரைக்கும் ஏறியிருக்கு?"

"உச்சிக்குக் கிட்ட" என்கிறேன், கறுத்த திரையைப் பார்த்தபடி. "நீங்க வலைக்கு அந்தப் பக்கம் நில்லுங்க. அங்கதான் ஆள் இல்ல."