பொகோட்டாவுக்குப் பத்து நாள்

கணக்கு டீச்சர் என்கிற திமிர் எனக்கு எப்போதுமே கொஞ்சம் உண்டு. அதனால்தான் பொகோட்டா பயணத்துக்கு யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாத் திட்டத்தையும் நானே போட்டேன். மர்பி டவுன் வீட்டுச் சுவரில் உலகப் படம் ஒன்றை மாட்டி, பெங்களூரிலிருந்து கொலம்பியாவின் தலைநகர்வரை சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்து வைத்திருந்தேன். அல்சூரிலிருந்து வந்த சித்தி அதைப் பார்த்துவிட்டு, "அடியம்மா, இவ்ளோ தூரமா? அங்க இட்லி கிடைக்குமாடி?" என்றாள். "இட்லி திங்கவா போறேன்?" என்று எரிந்து விழுந்தேன். பாவம் சித்தி, அவளுக்கும் பயம்தான்.

நான் போகவிருந்தது தங்கச்சிக்காக. அப்பா அம்மா போன பிறகு நான் வளர்த்த பெண். அவள் கன்னியாஸ்திரீ ஆவதில் எனக்குத் துளியும் இஷ்டமில்லை. மடத்தில் அவளைப் பொகோட்டாவுக்கு அனுப்புகிறோம் என்று சொன்னபோது எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. விமானம் பிடிக்க அவள் கிளம்பிய அன்று, கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயில் நகரும் நேரத்தில், "இனி உன் முகத்துலயே முழிக்க மாட்டேன், போடீ" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். ஆறு வருஷம் ஆயிற்று. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அவள் கடிதம் போடுவாள். நான் ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை. பிடிவாதம், வேறென்ன?

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் வருமுன்பே ஒரு கடிதம் வந்தது. நிரந்தர வார்த்தைப்பாடு, அதாவது சாகும்வரை துறவியாகவே இருப்பேன் என்ற சத்தியம், கொடுக்கப் போகிறாளாம். அன்றைக்கு வீட்டிலிருந்து ஒருவர் மெழுகுவர்த்தி ஏந்தி, பீடம்வரை அவளோடு நடந்து வருவது அவர்கள் மடத்து வழக்கமாம். "எனக்கு நீ ஒருத்திதான் இருக்கே, அக்கா" என்று எழுதியிருந்தாள். நான் போகாவிட்டால் அவள் தனியாக நடப்பாள். அடுப்படியில் நின்று வாய்விட்டு அழுதேன். அன்று சாயங்காலமே ஹெட்மிஸ்ட்ரஸிடம் லீவு கேட்டுவிட்டேன்.

வார்த்தைப்பாடு ஒரு சனிக்கிழமை காலை. நான் அந்த வாரம் செவ்வாய் கிளம்பி புதன் இறங்குவதாக டிக்கெட். மஞ்சள் காய்ச்சல் ஊசி மட்டும் பாக்கி. ஊசி போட்டதற்கு ஓர் அட்டை தருவார்கள், அது இல்லாமல் அந்த ஊரில் இறங்க விடமாட்டார்கள், போட்டுப் பத்து நாள் ஆனால்தான் அது செல்லும் என்று டிராவல்ஸ் பெண் சொல்லியிருந்தாள். ஊசி திங்கட்கிழமைகளில் மட்டும்தான். ஒரு திங்கட்கிழமையை மாதா திருவிழாவின் ஒன்பது நாள் ஜெபமான நவநாளுக்காக விட்டுவிட்டேன். காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் தேருக்குப் போக முடியாதே! அடுத்த திங்கள் போட்டாலும், விரல்விட்டு எண்ணிப் பார்த்தால், இறங்குகிற புதன் சரியாகப் பத்தாம் நாள்.

அந்தத் திங்கள் ஊசி போடும் இடத்தில் நாலே பேர். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. உடைத்தால் உடனே தீர்த்தாக வேண்டும், அதனால் பத்துப் பேர் சேராமல் உடைக்க மாட்டேன் என்றார் நர்ஸம்மா. ஜெபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மூடப்போகிற நேரத்துக்கு, ஆப்பிரிக்காவில் போர்வெல் போடப் போகிற நாமக்கல் பக்கத்து ஆட்கள் ஆறு பேர் ஒரே வேனில் வந்து இறங்கினார்கள். அவர்கள் நல்லா இருக்கணும். ஊசியே வலிக்கவில்லை.

வலித்தது அதற்கப்புறம்தான். அட்டையில் முத்திரை குத்திய குமாஸ்தா, வியாழக்கிழமை முதல் செல்லும் என்று எழுதினார். "ஏன் சார் வியாழன்? புதனே பத்து நாள் ஆகுதே!"

"ஊசி போட்ட நாள் கணக்குல வராது மேடம். நாளைக்குத்தான் ஒண்ணு."

எனக்கு வந்ததே கோபம்! "கொடி ஏத்தற நாளைத்தான் நாங்க நவநாளுக்கு மொத நாள்னு எண்ணறோம். வெள்ளிக்கிழமை செத்த ஆண்டவர் ஞாயித்துக்கிழமை மூணாம் நாள் எழுந்திருச்சாரே, அதுவும் தப்பா?"

அவர் பேனாவை மூடிவிட்டு, "அது தேவரு லெக்கா மேடம். இது சர்க்காரு லெக்கா" என்றார் கன்னடத்தில். ஆண்டவர் கணக்கு வேறு, சர்க்கார் கணக்கு வேறாம். சண்டை போட்டேன், கெஞ்சினேன். ஒரு நாள் முன்னால் தேதி போட மாட்டேன் என்றுவிட்டார். டிராவல்ஸுக்கு ஓடினேன். புதன், வியாழன் இடமே இல்லை. வெள்ளி கிளம்பினால் சனி சாயங்காலம் இறங்கலாம். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். முப்பது பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள் பத்துவரை எண்ணத் தெரியாமல் போனேனே என்று நடுரோட்டில் தலையில் அடித்துக்கொண்டேன்.

அன்று அந்தக் குமாஸ்தாவை நான் திட்டாத திட்டு இல்லை. இன்றைக்கு நினைத்தால் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அவர் மட்டும் மனசு இரங்கியிருந்தால் நான் அந்தப் போனைப் பண்ணியே இருக்க மாட்டேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு, எங்கள் தெரு போன் பூத்திலிருந்து மடத்துக்குப் போட்டேன். அங்கே காலை நேரம். நான் இரண்டு தடவை நம்பரைத் தப்பாக அழுத்தியதைப் பார்த்த பூத்துக்கார பாய் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

"அக்கா?" ஆறு வருஷம் கழித்து அந்தக் குரல். வார்த்தைகள் குளறிக் குளறி நடந்ததைச் சொன்னேன். ஊசி திங்கட்கிழமை போட்டது, புதன் போதாது என்றது, சனி சாயங்காலம்தான் வந்து சேர முடியும் என்பது, எல்லாம்.

"இரு இரு" என்றாள். எண்ண ஆரம்பித்தாள். "திங்கள் ஒண்ணு, செவ்வாய் ரெண்டு, புதன் மூணு..." முழுக்க எண்ணி முடித்து, "புதன் பத்து வருதேக்கா! சரியாத்தானே இருக்கு? யாரு அந்த ஆளு?" என்று என்னைப் போலவே கோபப்பட்டாள்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது. அவ்வளவு தூரம் போய், வேறு பாஷை பேசி, வேறு சோறு தின்று யாரோ ஆகிவிட்டிருப்பாள் என்று எத்தனை வருஷம் பயந்தேன்! அப்பனே, உனக்கு நன்றி. என் தங்கச்சி இன்னும் எங்கள் வீட்டுத் தப்பையே செய்கிறாள்.

கணக்கைப் புரியவைத்ததும் அவளும் சிரித்தாள். பிறகு யாரிடமோ அந்த ஊர்ப் பாஷையில் மளமளவென்று பேசிவிட்டு வந்தாள். "மதர் சரின்னுட்டாங்க. ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாம். இந்தத் தடவை வார்த்தைப்பாடு கொடுக்கறது நான் ஒருத்திதானே."

"எனக்காகவாடி?" என்றேன். "ஸ்டேஷன்ல நான் சொன்னது..."

"மறக்கலை. சனிக்கிழமை ராத்திரி மடத்துல என் பக்கத்துக் கட்டில்ல படு. ஞாயித்துக்கிழமை நான் முதல்ல உன் முகத்துலதான் முழிப்பேன்."